“உங்கள் தளம் எனக்கு வேலை செய்யவில்லை”: புகாரிலிருந்து பழுது வரை

மாற்றுத்திறனாளி ஒருவர் ஒரு தளத்தைப் பற்றிப் புகார் எழுதினால் அது பெரும்பாலும் ஒரே வரியில்தான் இருக்கும். “ஃபார்ம் போகவில்லை.” “பக்கம் பேசவில்லை.” “எழுத்து தெரியவில்லை.” அதற்குமேல் எழுத அவருக்குப் பொறுமை மிச்சமிருக்காது, அன்றைக்கு அவர் மாட்டிக்கொண்ட மூன்றாவது நாலாவது தளமாக உங்களுடையது இருக்கலாம். இப்படி வரும் ஒற்றை வரிகளை வைத்துப் பழுதைத் தேடுவதுதான் சில வருடங்களாக என் வேலை. தேடித் தேடி ஒன்று புரிந்தது. பிரவுசர் சும்மாவே கொடுக்கிற ஒரு வசதியை நாமே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பார்வைக்கு அழகான வேறொன்றை வைத்திருப்போம். பெரும்பாலான பழுது அங்கேதான் கிடக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் பார்ப்பது எதை எடுத்துவிட்டோம் என்பதை, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்பது அப்புறம்தான்.

## தேடத் தொடங்கும் முன்

புகார் சொன்னவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கருவி, எந்த பிரவுசர்? எந்தப் பக்கத்தில், என்ன செய்யும்போது நின்றது? கடைசியாகக் காதில் விழுந்தது அல்லது கண்ணில் பட்டது என்ன? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பாதி நேரம் பழுதையே காட்டிக்கொடுத்துவிடும். “வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள்” என்று மட்டும் பதில் போடாதீர்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரை ஒரு பிரவுசரோடு பழக்கி, வேகம், குரல், குறுக்குவழி எல்லாம் அமைத்து வைத்திருப்பவரிடம் அதைச் சொல்வது, வீட்டையே மாற்றிக்கொள்ளுங்கள் என்பது மாதிரி.

கருவிகளுக்குக் காசு தேவையில்லை. விண்டோஸில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம். ஐபோனிலும் மேக்கிலும் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், இரண்டும் உள்ளேயே இருக்கும். ஸ்கிரீன் ரீடர் பேசும் வேகத்துக்குக் காது பழகவில்லை என்றால் என்விடிஏவின் டூல்ஸ் மெனுவில் ஸ்பீச் வியூவரைத் திறந்துகொள்ளுங்கள், பேசுவதெல்லாம் ஒரு சின்ன ஜன்னலில் எழுத்தாக ஓடும். ஆனால் முதலில் எடுக்க வேண்டிய கருவி உங்கள் கீபோர்டுதான்.

## மவுஸ் இல்லாமல் எங்கும் போக முடியவில்லை

எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் செய்வது இந்தச் சோதனைதான், புகார் பார்வையைப் பற்றியதாக இருந்தாலும் சரி. மவுஸைக் கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு முகவரிப் பட்டையிலிருந்து டேப், டேப், டேப். பின்னால் வர ஷிஃப்டோடு டேப். லிங்க்குக்கு என்டர், பட்டனுக்கு என்டர் அல்லது ஸ்பேஸ், மூட எஸ்கேப். கீபோர்டில் ஓடாத பக்கம் ஸ்கிரீன் ரீடரிலும் பெரும்பாலும் ஓடாது, கையசைவு குறைந்தவர்கள் பயன்படுத்தும் சுவிட்ச் கருவியிலும் ஓடாது. ஒரு எச்சரிக்கை: மேக்கின் சஃபாரி பிரவுசர், டேப் விசையை அழுத்தினால் லிங்க்குகளில் நிற்காமல் போகும். அது உங்கள் பழுதல்ல, சஃபாரியின் செட்டிங்கில் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும்.

### டேப் நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், டேப் நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் அவுட்லைன் கோட்டை நீக்கி யாரோ ஒரு வரி எழுதியிருப்பார்கள். பட்டனைக் கிளிக் செய்தால் சுற்றிலும் கோடு வருகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ சொன்னதற்காக எழுதிய வரி அது. எடுத்துவிடுங்கள். மவுஸில் கிளிக் செய்யும்போது கோடு வேண்டாம் என்றால் ஃபோகஸ்-விசிபிள் என்ற சிஎஸ்எஸ் தேர்வியைப் பயன்படுத்துங்கள், கீபோர்டில் வருபவருக்கு மட்டும் கோடு தெரியும். பழுது பார்க்க இரண்டு நிமிடம். இந்த ஒரு வரியால் முழுத் தளமும் பூட்டிக் கிடந்ததை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் வயிறு எரிகிறது.

கோடு இருக்கிறது ஆனால் நடுவில் காணாமல் போகிறது என்றால், மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைப்புப் பட்டையோ கீழே நிற்கும் குக்கி அறிவிப்போ அதை மறைக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல்-பேடிங் கொடுத்தால் தலைப்புப் பட்டையின் சிக்கல் தீரும். குக்கி அறிவிப்பை இன்னும் சின்னதாக்குங்கள்.

### சில பட்டன்களை டேப் தாண்டிப் போகிறது

பட்டன் மாதிரி தெரிவது பட்டனே இல்லை, நிறமடித்த டிவ், அதாவது எச்டிஎம்எல்லின் வெறும் பெட்டி. அதற்கு ஒரு கிளிக் வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். உண்மையான பட்டனாக மாற்றுங்கள், டேப்பில் நிற்பது, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் பதில் சொல்வது, “பட்டன்” என்று தன்னை அறிவிப்பது எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். சிலர் டிவ்வை அப்படியே வைத்துக்கொண்டு, டேப்பை அங்கே நிறுத்தும் டேப்இன்டெக்ஸும் “பட்டன்” என்று அறிவிக்கும் ரோலும் சேர்ப்பார்கள். அதில் என்டரும் ஸ்பேஸும் தானாக வேலை செய்யாது, அவற்றுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டும், எழுத மறந்துபோவார்கள்.

மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனுவும் இதே வகைதான். திறப்பதற்கு ஒரு பட்டன் வையுங்கள்.

### வரிசை தாறுமாறாகக் குதிக்கிறது

டேப்இன்டெக்ஸில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் நீக்குங்கள், பூஜ்யமும் மைனஸ் ஒன்றும் தவிர வேறு எண் எனக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை. அப்படி எதுவும் இல்லையென்றால் சிஎஸ்எஸ்ஸால் இடம் மாற்றியிருப்பார்கள், கண்ணுக்கு ஒரு வரிசை, நிரலில் வேறு வரிசை. நிரலைத்தான் திருத்த வேண்டும்.

### உள்ளே போனால் வெளியே வர முடியவில்லை

பாப்-அப்தான் முதல் சந்தேகம். திறந்ததும் டேப் உள்ளே போக வேண்டும், திறந்திருக்கும்வரை பின்னால் இருக்கும் பக்கத்துக்குள் நழுவக் கூடாது, எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும், மூடியதும் எந்தப் பட்டனால் திறந்தாரோ அங்கேயே திரும்பி வர வேண்டும். கடைசியது பெரும்பாலும் விட்டுப்போகும், அப்போது பயனர் பக்கத்தின் தலையில் போய் விழுவார், இருபது டேப் மறுபடி. எச்டிஎம்எல்லின் சொந்த டயலாக்கை மோடலாக, அதாவது பின்னால் இருக்கும் பக்கத்தைப் பூட்டிவைத்துத் திறந்தால் இதில் முக்கால்வாசி தானாகவே நடக்கும்.

வெளியிலிருந்து கொண்டுவந்து பதித்த மேப், வீடியோ பிளேயர், சாட் பெட்டி இவற்றுக்குள் மாட்டிக்கொண்டால் உங்களால் உள்ளே போய்ச் சரிசெய்ய முடியாது. அதற்கு முன்னால் “இதைத் தாண்டிப் போக” என்று ஒரு லிங்க் வைத்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.

### எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

நீங்களே கட்டிய காலண்டர், இழுத்துப் போட்டு அடுக்கும் பலகை, எக்செல் மாதிரியான அட்டவணை. இந்த மூன்றில் ஒன்று பழுதானால் முதலில் “இது தேவையா?” என்று கேளுங்கள். பிறந்த தேதிக்குக் காலண்டரே வேண்டாம், நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் போதும். தேவைதான் என்றால், அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி கட்டுவது, தெரிந்த டெவலப்பரைக் கூப்பிடுங்கள். ஸ்கிரீன் ரீடர் போன்ற கருவிகளுக்காக நிரலில் எழுதும் ஏரியா (ARIA) குறிப்புகளை அரைகுறையாகத் தெளித்துச் சரிசெய்யப் பார்த்தால் முன்னைவிட மோசமாகும், ஸ்கிரீன் ரீடரிடம் பொய் சொன்னதாகிவிடும்.

## ஸ்கிரீன் ரீடர் “பட்டன், பட்டன், லிங்க், லிங்க்” என்று மட்டும் சொல்கிறது

என்விடிஏவில் இன்செர்ட்டோடு எஃப்7 அழுத்துங்கள். லிங்க், தலைப்பு, பட்டன் எல்லாம் பட்டியலாக வரும். பக்கத்தைப் பார்க்காமல் அந்தப் பட்டியலை மட்டும் படித்து, எது எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் இவை காரணம்.

பெயரில்லாத ஐகான் பட்டன்: பூதக்கண்ணாடி, மூன்று கோடு, பெருக்கல் குறி. “தேடு”, “மெனு”, “மூடு” என்று பெயர் கொடுங்கள். இடமிருந்தால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே எழுதிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் பெயர் கொடுக்கும் ஏரியா-லேபிள். ஏற்கெனவே எழுத்து இருக்கும் பட்டனுக்கு வேறொரு ஏரியா-லேபிள் போடாதீர்கள். குரலால் கம்ப்யூட்டரை இயக்குபவர் திரையில் “அனுப்பு” என்று பார்த்து “அனுப்பு” என்பார், உள்ளே “விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க” என்று இருந்தால் எதுவும் நடக்காது.

பத்து “மேலும் படிக்க”: பட்டியலில் பத்தும் ஒரே மாதிரிக் கேட்கும். கட்டுரைத் தலைப்பையே லிங்க் ஆக்குங்கள், “மேலும் படிக்க”வை எடுத்தே விடலாம்.

படத்துக்கு ஆல்ட் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்து) இல்லை: அந்தப் படம் லிங்க்காக இருந்தால் ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரையோ லிங்க் முகவரியையோ எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கும். கேமராவிலிருந்து வந்த பதினைந்து எழுத்துப் பெயரை ஒருமுறை உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக வைக்க வேண்டும், இல்லாமலே விடக் கூடாது. காலி என்றால் ஸ்கிரீன் ரீடர் தாண்டிப் போகும், இல்லை என்றால் ஊகிக்கத் தொடங்கும். பொருள் உள்ள படம் என்றால், இந்தப் பக்கத்தை ஒருவருக்குப் போனில் வாசித்துக் காட்டினால் அந்த இடத்தில் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். “படம்” என்று தொடங்க வேண்டாம், படம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

தலைப்புகளே இல்லை: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் தலைப்பு. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர் எச் விசையை அழுத்தி அழுத்தித்தான் பக்கத்தை மேலோட்டமாகப் பார்ப்பார். எச்1, எச்2, எச்3 என்று உண்மையான தலைப்பாக மாற்றுங்கள்.

இந்தப் பகுதியில் ஆள் கூப்பிட வேண்டிய இடம் ஒன்றுதான்: வரைபடங்கள், புள்ளிவிவரப் படங்கள், பாடநூல் விளக்கப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால். பாடம் தெரிந்தவர்தான் அவற்றுக்கு விவரிப்பு எழுத முடியும்.

## தமிழை வாசிக்க மறுக்கிறது, அல்லது உளறுகிறது

தமிழில் தளம் நடத்துபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது, எனக்கு வரும் புகார்களில் என்னை அதிகம் உட்காரவைப்பதும் இதுதான். முதலில் அவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: மற்ற தமிழ்த் தளங்கள் வாசிக்கின்றனவா? இல்லையென்றால் அவர் கருவியில் தமிழ்க் குரல் இல்லை. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். மற்றவை வாசிக்கின்றன, உங்களுடையது மட்டும் இல்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

### ஒன்றும் பேசவில்லை, அல்லது ஆங்கிலக் குரலில் திக்குகிறது

பக்கத்தின் மூல நிரலைத் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். டெம்ப்ளேட் அப்படித்தான் வரும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கிறது. மொழிக் குறியீட்டைத் தமிழுக்கு மாற்றுங்கள், இரண்டே எழுத்து. நடுவில் ஒரு பத்தி ஆங்கிலம் இருந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனியாக ஆங்கிலம் என்று போடுங்கள்.

### அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளை வாசிக்கிறது

பக்கத்திலிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தது அங்கே ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டால், அது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து இல்லை, பாமினி மாதிரியான பழைய ஃபான்ட். கண்ணுக்கு “அம்மா” என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் கோவை. மாற்றிகள் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒருமுறை காதால் கேட்டுத் திருத்துங்கள்.

ஏன் காதால் என்றால், கண் ஏமாந்துபோகும். “கௌரவம்” என்று எழுதுவதற்குப் பதிலாக “கெ” போட்டுப் பக்கத்தில் “ள” போட்டுக் “கெளரவம்” என்று தட்டச்சு செய்திருப்பார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஸ்கிரீன் ரீடரோ “கெ-ள-ர-வம்” என்று வாசிக்கும், தேடலிலும் அகப்படாது. ஒருமுறை ஒரு நீண்ட பக்கத்தை என்விடிஏவில் வரிவரியாகக் கேட்டேன். திரையில் மூன்று பேர் பிழை பார்த்து முடித்த பக்கம், அதில் இந்த வகைப் பிழை மட்டும் ஒவ்வொரு பத்தியிலும் இருந்தது.

### அறிவிப்பே ஒரு படமாக இருக்கிறது

போஸ்டர் மாதிரி வடிவமைத்த அறிவிப்பு, தேதி, இடம், தொடர்பு எண் எல்லாம் படத்துக்குள். ஆல்ட்டில் “அறிவிப்பு” என்று ஒரு சொல். படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை. பார்வையற்றவருக்கு மட்டும் அல்ல, பெரிதாக்கிப் படிப்பவருக்கும் எண்ணைக் காப்பி செய்ய நினைப்பவருக்கும் அதுதான் வேண்டும்.

### பிடிஎஃப் வாசிக்கவில்லை

மவுஸால் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் தமிழையும் படிக்கும், ஆனால் வெளியிடும் முன் ஒருவர் எழுத்துக்கு எழுத்து திருத்தியாக வேண்டும். தேர்ந்தெடுக்க முடிகிறது, நோட்பேடில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றால் பிடிஎஃப் உருவாக்கிய மென்பொருள் எழுத்துகளைச் சரியாகப் பொதியவில்லை. வேர்டு கோப்பு கையில் இருந்தால் வேறு வழியில் ஏற்றுமதி செய்து பாருங்கள். என் யோசனை என்னவென்றால், பிடிஎஃப்போடு மல்லுக்கட்டாமல் உள்ளடக்கத்தைச் சாதாரண வலைப்பக்கமாகவும் போட்டுவிடுங்கள், பிடிஎஃப் அச்சுக்கு இருக்கட்டும். பிடிஎஃப்தான் வேண்டும், அதில் அட்டவணையும் படிவமும் உண்டு என்றால் தலைப்பு, அட்டவணை, படிவம் எது எது என்று உள்ளே குறிச்சொல் இட்ட பிடிஎஃப் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நாமே கற்றுக்கொண்டு செய்யும் அளவுக்கு அது சின்ன வேலை இல்லை.

## ஃபார்மை அனுப்பினால் எதுவுமே நடக்கவில்லை

என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நண்பர் விண்ணப்பம் ஒன்றை நிரப்பினார். பார்வையற்றவர், என்விடிஏவை என்னால் பின்தொடரவே முடியாத வேகத்தில் கேட்பவர். பதினெட்டுக் கட்டத்தையும் நிரப்பிவிட்டுச் “சமர்ப்பி”யில் என்டர் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தட்டினார். திரையைப் பார்த்தால் ஒன்பதாவது கட்டத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு, கீழே பொடி எழுத்தில் “தேதி வடிவம் தவறு”. அவர் என் பக்கம் திரும்பி, “போயிடுச்சா?” என்றார். போகவில்லை, தேதியில் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இல்லாதிருந்தால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மூடியிருப்பார்.

அன்றிலிருந்து ஃபார்ம்களை இந்த வரிசையில் பார்க்கிறேன்.

### கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை

கட்டத்தின் பெயரை மவுஸால் கிளிக் செய்யுங்கள். கர்சர் கட்டத்துக்குள் போனால் லேபிள் இணைந்திருக்கிறது, போகாவிட்டால் இணையவில்லை. இணைக்க ஒரு நிமிடம். கட்டத்துக்குள்ளேயே மங்கலாக எழுதிவைக்கும் பிளேஸ்ஹோல்டர் லேபிள் ஆகாது, தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும், நினைவாற்றல் சிக்கல் உள்ளவர் நடுவில் எதற்கு எழுதுகிறோம் என்று தொலைந்துபோவார். வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றால் அதை லேபிளின் பக்கத்திலேயே முன்கூட்டிச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, புள்ளியோ கோடோ எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதுவது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி மாதிரிக் கட்டங்களுக்கு பிரவுசரே நிரப்பும் ஆட்டோகம்ப்ளீட்டை அணைக்காதீர்கள், ஒரு விரலால் தட்டச்சு செய்பவருக்கு அது பெரிய உபகாரம்.

### பிழை இருப்பது தெரியவில்லை

சிவப்பு மட்டும் போதாது, நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் அது கோடுதான். பிழையை எழுத்தில் சொல்லுங்கள், அந்தக் கட்டத்தோடு ஏரியா-டிஸ்கிரைப்ட்பை வழியாக இணையுங்கள், கட்டம் தவறு என்று குறிக்கும் ஏரியா-இன்வேலிடையும் போடுங்கள். அனுப்பியதும் கர்சரை முதல் பிழையான கட்டத்துக்குக் கொண்டுபோங்கள், நீளமான ஃபார்ம் என்றால் மேலே எல்லாப் பிழைகளையும் லிங்க்காக அடுக்கி அங்கே கொண்டுபோங்கள். “தவறான உள்ளீடு” என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை, “தேதியை 05/03/1990 என்பது போல எழுதவும்” என்று எழுதுங்கள்.

### போய்விட்டதா என்பது தெரியவில்லை

பக்கம் மாறாமல் “நன்றி” என்று ஒரு மூலையில் வந்து மறையும் செய்தி காதில் விழாது. உள்ளே வரும் செய்தியை ஸ்கிரீன் ரீடரைச் சொல்லவைக்கும் ஏரியா-லைவ் உள்ள ஒரு பெட்டியில் அதைப் போட வேண்டும். போட்டும் பேசவில்லையா? செய்தியோடு சேர்த்தே பெட்டியையும் உருவாக்கியிருப்பீர்கள். பெட்டி பக்கம் திறக்கும்போதே காலியாக இருக்க வேண்டும், செய்தி அப்புறம் உள்ளே வர வேண்டும். நானே இதில் ஒரு மாலை முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

### நேரம் முடிந்து வெளியே தள்ளுகிறது, அல்லது கேப்சாவில் நிற்கிறது

ஓடிபிக்கு முப்பது விநாடி கொடுத்திருந்தால் கூட்டுங்கள். அந்த நேரத்துக்குள் போனை எடுத்து, செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து தட்டச்சு செய்ய வேண்டும், யோசித்துப் பாருங்கள். நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டிக்க வழி கொடுங்கள். ஓடிபியை ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க நெளிந்த எழுத்தைப் படிக்கச் சொல்லும் கேப்சாவை எடுத்துவிடுங்கள். ஒலி கேப்சா வைத்தாலும், கண்ணும் காதும் இரண்டும் குறைந்தவருக்குக் கதவு சாத்தியே இருக்கும். பயனருக்குத் தெரியாமல் பின்னணியில் சோதிக்கும் வழிகள் இருக்கின்றன. பணம் செலுத்தும் பக்கம் வேறொருவருடையது, அங்கேதான் நிற்கிறது என்றால் அவர்களிடம் பேச வேண்டும், அதுவரை வேறொரு வழியைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

## எழுத்து தெரியவில்லை, பெரிதாக்கினால் உடைகிறது

அணுகல்தன்மைக்கான அமெரிக்க அமைப்பான வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2024 சோதனையில் 95.9 சதவீதப் பக்கங்களில் பிழை அகப்பட்டது, அதில் முதலிடம் மங்கலான எழுத்துக்குத்தான். வெள்ளையில் #999999 சாம்பல் எழுத்தின் மாறுபாடு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 2.85. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3. #767676 வரை கருப்பாக்கினால் எல்லையைத் தாண்டிவிடும். நான் இன்னும் கருப்பாகத்தான் வைப்பேன். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொண்டு “ண”வும் “ன”வும் ஒன்றாகிவிடுகின்றன, மெல்லிய ஃபான்ட் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெரிதாக்கவே முடியவில்லை என்றால், பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் வரியில் பெரிதாக்கலைத் தடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை நீக்குங்கள். பெரிதாகிறது ஆனால் இடம் வலமாக இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ நிலையான அகலம் இருக்கிறது. ஜன்னலை 1280 பிக்சல் அகலத்தில் வைத்து 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், 320 பிக்சல் திரைக்குச் சமம். அட்டவணையும் மேப்பும் தவிர மற்றதெல்லாம் ஒரே நெடுவரிசையாக மடங்கி வர வேண்டும். ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைப்புப் பட்டை அந்த அளவில் பாதித் திரையை விழுங்கினால் அதை அவிழ்த்துவிடுங்கள். பட்டனில் “கி”யின் மேல் கொக்கியோ “கு”வின் அடிப்பகுதியோ வெட்டுப்பட்டால் உயரத்தை நிலையாக வைத்திருக்கிறீர்கள், ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த சட்டை அது. உயரத்தை எடுத்துவிட்டு வரி இடைவெளியைக் கூட்டுங்கள்.

கை நடுங்குபவர் “பட்டனைத் தொட்டால் பக்கத்துப் பட்டன் அழுந்துகிறது” என்று எழுதினால் அளவைப் பாருங்கள். இணைய அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல், ஆனால் 44 வைத்தால்தான் நிம்மதி.

## வீடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை

தானாக வரும் வசனவரியை அப்படியே விடாதீர்கள், பெயர்களும் எண்களும்தான் முதலில் தவறும். உட்கார்ந்து திருத்துங்கள். முழுப் பேச்சையும் எழுத்தாகக் கீழே போட்டால், பிரெயில் திரை வழியாகப் படிக்கும் பார்வையும் செவியும் குறைந்தவருக்கும் போய்ச் சேரும். மறுபக்கம், “திரையில் தெரியும் எண்ணுக்கு அழையுங்கள்” என்று பேசிவிட்டு எண்ணைச் சொல்லாமல் விடுகிறார்கள். பேசுபவரிடம் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த வீடியோவிலாவது. சைகை மொழிதான் முதல் மொழி என்கிற காது கேளாதவர்களுக்கு முக்கியமான விஷயம் என்றால், பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், இதற்கு மாற்று கிடையாது.

## பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றுகிறது

விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் எதுவாக இருந்தாலும் இப்போதே எடுத்துவிடுங்கள், மற்ற சோதனை எல்லாம் அப்புறம், அது வலிப்பைத் தூண்டக்கூடியது. தானாக நகரும் படவரிசை ஐந்து விநாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தப் பட்டன் வேண்டும். அசைவைக் குறைக்கும்படி பயனர் தன் போனில் அமைத்திருந்தால் அதைச் சிஎஸ்எஸ்ஸில் மதிக்க ஒரு சில வரி போதும்.

## கருவி நூற்றுக்கு நூறு மார்க் தருகிறது, புகார் நிற்கவில்லை

லைட்ஹவுஸ், ஆக்ஸ், வேவ் மூன்றும் நல்ல தானியங்கிச் சோதனைக் கருவிகள், முதல் சல்லடையாகப் பயன்படுத்துங்கள். ஆல்ட் இருக்கிறதா என்று அவை பார்க்கும், அதில் “படம்1” என்று எழுதியிருப்பது பயனுள்ளதா என்று பார்க்காது. என் நண்பரின் அந்த ஃபார்மை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் வரவில்லை.

ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள், பக்க ஓரத்தில் மனித உருவப் பட்டன் ஒன்று வரும். வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் டிவ் டிவ்வாகவே இருக்கும், அதோடு பயனரின் சொந்த ஸ்கிரீன் ரீடரோடும் அது மோதும். அந்தப் பணத்தை உண்மையான சோதனைக்கு வையுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் பார்த்தும் புகார் தொடர்ந்தால், அல்லது தளத்தையே புதிதாகக் கட்டப் போகிறீர்கள் என்றால், ஆள் கூப்பிட வேண்டிய நேரம் அது. டபிள்யூசிஏஜி 2.2 வழிகாட்டியின் மூன்று நிலைகளில் நடுவான ஏஏ நிலைக்குத் தணிக்கை கேளுங்கள். எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த பிரவுசரில் சோதித்தார்கள் என்று அறிக்கையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் திருத்தும் வழி இருக்க வேண்டும், வெறும் மார்க் பட்டியல் போதாது. அதோடு, மாற்றுத்திறனாளிகளைச் சோதனையாளர்களாக அமர்த்துங்கள், அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுத்து. இது திறமையான வேலை, உதவியாகக் கேட்டு வாங்குவது அல்ல.

எதைச் சரிசெய்தாலும் புகார் கொடுத்தவருக்கு எழுதிச் சொல்லிவிடுங்கள்: இது பழுதாக இருந்தது, இதை மாற்றினோம், நீங்கள் நின்ற அதே படியிலிருந்து ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா என்று. பழைய லிங்க்கையும், முடிந்தால் பாதியில் நின்ற அவருடைய ஃபார்மையும் அப்படியே திறந்து கொடுங்கள். அவர் பதினெட்டுக் கட்டத்தையும் இன்னொரு முறை நிரப்ப வேண்டியதில்லை.